கன்ட்ரோல் தட்டு

எதையுமே தடவாத தட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை முளைத்திருந்தது.

ஸ்ரீஜா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிருமி வளர்க்கும் மஞ்சள் அகர் கூழில் பொடிப் பொடியாக வெள்ளைக் கிருமிப் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்து கோடுகள், கோடுகள் வளைந்து நடுவில் ஒரு சுழி. ரேஷன் கடை மெஷினில் காட்டினால் அரிசி கொடுத்துவிடுவார்கள், அவ்வளவு சுத்தமான ரேகை.

மற்ற எட்டுத் தட்டுகளில் என்ன முளைத்தாலும் கேள்வியில்லை. அவை ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்களின் கைப்பிடிக் கம்பியைப் பஞ்சால் துடைத்துத் தடவியவை. புளியங்கொழுந்துச் சாறு அந்தக் கிருமிகளைக் கொல்லுமா என்பதுதான் அவளுடைய நாலாம் வருஷ ஆனர்ஸ் ஆய்வு. ஒன்பதாவது, கன்ட்ரோல் தட்டு. அதில் எதையும் தடவுவதில்லை. மூடி, நாடா சுற்றி, சும்மா வைப்பது. அது சும்மா இருந்தால்தான் மற்ற எட்டும் சொல்வது உண்மை. அதிலும் முளைத்தால் மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று திங்கள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆனர்ஸ் பட்டம் போச்சு. மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் அவள் அப்பா உலகநாதன் முன்பே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு வருஷம் படிம்மா. அதுக்கு மேல நக்கோ, வேணாம்." அதற்கு மேல் என்றால் மாமாவின் ஜெராக்ஸ் கடை.

பயப்பட வேண்டிய இடம். அவளுக்கோ கோபம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் சம்மட்டியால் அடித்ததைவிட வாயால் அதிகம் அடித்தவருடைய மகள். வேறு என்ன வரும்.

"நீதானே தொட்ட?" என்று பக்கத்து மேசையில் பிஎச்.டி. செய்யும் அபிநவிடம் போய் நின்றாள்.

அவன் தட்டை வாங்கிப் பார்த்தான். "ஹவ், ஆமா. நாடாவப் பிரிக்காம விரல மட்டும் உள்ள விட்டேன். எனக்கு வேற பனி லேது பாரு, வேலையே இல்ல."

நாடா, சுற்றியபடியே இருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது.

வழிகாட்டி பேராசிரியர் சிவஞானம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கன்ட்ரோல்ல என்ன எழுதணும்? சைபர். எழுதிட்டுப் போவியா."

"முளைச்சிருக்கு சார்."

"முளைச்சா முளைச்சிட்டுப் போகுது. அந்தத் தட்ட எவன் பாக்கப் போறான்? பத்து வருஷமா என் பிள்ளைங்க எல்லாரும் சைபர்தான் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் கன்ட்ரோல் சுத்தமாவா இருந்துச்சி?"

"அப்ப அது பொய் சார்."

"கையெழுத்து என்னோடதும்மா."

அவள் எழுதினாள். பேனா முனை தாளைக் கிழித்து அடுத்த பக்கத்திலும் ஒரு சைபர் போட்டது.

சைபர் எழுதியும் விடாமல் அன்றே வைத்த புதுத் தட்டில், செவ்வாய்க்கிழமை நாலு விரல்கள். மை தடவி அபிநவ் ரேகையை வாங்கி ஒப்பிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பத்து விரலையும் கொடுத்தான். பொருந்தவில்லை. அவளுடையதும் பொருந்தவில்லை. பிறகு தட்டைக் கவிழ்த்தபோதுதான் கவனித்தாள். ரேகை மேலே மங்கலாகவும் அடியில் பளிச்சென்றும் இருந்தது. அகருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருந்து, மேல்நோக்கி, யாரோ அமுக்கிப் பார்த்த மாதிரி.

"இரு, உன்ன வெச்சுக்கறேன்" என்றாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை, துறை வருஷம் பூராவுக்கும் என்று பூட்டி வைத்திருந்த தட்டுகளையெல்லாம் எடுத்தாள். எழுபத்திரண்டு. எல்லாவற்றிலும் அகர் ஊற்றி, எதையும் தடவாமல், நாடா சுற்றி, நீள மேசையில் நாலு வரிசையாக இடைவெளி இல்லாமல் அடுக்கினாள். மே மாத ஹைதராபாத்தில் மேசையே இன்குபேட்டர். லேபைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எத்தனை விரல்தான் இருக்கிறது, பார்த்துவிடலாம்.

வியாழன் பிற்பகல் மூன்று மணி. பூட்டைத் திறந்ததும், ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்த அறையின் வெப்பத்தோடு, நெரிசல் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் கக்கத்தில் முகம் பதியும்போது வருமே, அந்த வியர்வையும் இரும்பும் கலந்த வாடை வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. ஏசி ஓடாத நிசப்தத்தில், நாடாக்கள் விறைத்து இழுபடுகிற சின்னச் சின்னக் கிரீச்சொலி மட்டும் மேசைப் பக்கமிருந்து விட்டு விட்டுக் கேட்டது.

மேசையில் ஒரு ஆள் படுத்திருந்தது.

தட்டுத் தட்டாக. ஒரு தட்டில் கன்னம். கீழே தோள். இடுப்பின் பக்கவாட்டு. மடக்கிய முழங்கால்கள். ஒருக்களித்து, சௌகரியமாக, வெள்ளையாக.

அவள் போன் செய்தாள். குரல் நடுங்கியது. கோபம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். "சார், வந்து பாருங்க. ஒரு ஆள் படுத்திருக்கு."

"படுத்தா என்ன, நின்னா என்ன? சைபர்னு எழுதிக் கொண்டா. அஞ்சு மணிக்கு நான் கிளம்பிருவேன்."

நேரில் இழுத்து வரலாம் என்று தாழ்வாரம் வரை போனாள். பாதியில் புத்தி வந்தது. படம் எடுக்கவில்லையே. திரும்பினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கன்னம் இல்லை. தோள் இல்லை.

கடைசி வரிசையில் மட்டும் இரண்டு பாதங்கள். பக்கத்தில் பக்கத்தில். விரல்கள் மேசை விளிம்பை நோக்கி. அவளை நோக்கி.

கிருமி முளைக்கும். முளைத்தது மறையாது. இது அவளுக்கு முதல் வருஷப் பாடம்.

கண்ணைக் கசக்கினாள்.

பாதங்களும் இல்லை.

எழுபத்திரண்டு தட்டு. எண்ணினாள். எல்லாம் சுத்தம். எல்லாம் மஞ்சள். ஒரு புள்ளி இல்லை. நாடாக்கள் அப்படியே.

வாடை மட்டும் அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயிற்று.

நோட்டில் கன்ட்ரோல் சைபர் என்று எழுதினாள். இந்த முறை பொய்யில்லை.

நாலரை மணிக்குத் தன் அறையில் சிவஞானம் ஆய்வேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பாத்தியா. இதுக்குப் போயி மூணு நாளு மல்லுக்கட்டுனியே." பேனா மூடியைக் கழற்றிக் குனிந்தார்.

சட்டைக் காலருக்கு மேலே, அவர் பிடரியில், ஐந்து வெள்ளைப் புள்ளிகள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் கோடாயின. கோடுகள் சுழித்தன. விரல்களுக்கு அடியில் உள்ளங்கை ஈரமாகப் பரவியது.

"கழுத்துல என்னமோ சில்லுன்னு இருக்கு. அந்த ஃபேனக் குறைம்மா."

ஃபேன் ஓடவில்லை.

கையெழுத்து முடிந்தது. தேதி போட்டார். முத்திரை வைத்தார். அவள் ஏட்டை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். பத்து வருஷமாகச் சைபர் எழுதிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கிழிந்த தாள்.

"வேற என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப போ. அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்ககிட்டயும் சொல்லு, கன்ட்ரோலப் பாத்து யாரும்..."

இன்னொரு கை அவருடைய இடது காதுக்குக் கீழே முளைத்து முன்னால் வந்தது; பிடரியில் இருந்ததும் வலது பக்கமாக முன்னால் ஊர்ந்தது. இரண்டு கட்டைவிரல்களும் தொண்டைக்குழியில் சந்தித்தன. அவர் பேசிக்கொண்டே இருந்தார். பத்து ரேகைகளின் கீழும் தோல் மெல்ல, மெல்ல, உள்ளே குழிந்தது.