அலமாரிக்குள் ஒரு கொலைகாரன்

"மாமாஆஆ...!"

மூன்றாவது மாடியில் இருந்த மாதிரி ஃபிளாட்டிலிருந்து வந்தது அலறல். அலறியவன் புரமோட்டரின் மச்சான், விற்பனை மேனேஜர்.

கீழே வரைபடத்தை விரித்து வைத்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் மாடிக்கு ஓடினார்.

ஓடினார் என்பது ஒரு மரியாதைக்கு. அவரே வரைந்த படிக்கட்டு. பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் ஏற முடியும்!

நகரின் நட்டநடுவில், ஒரு பாங்க்குக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருபதடி இடுக்கு. அதில் ஒன்பது மாடி நவீன அடுக்ககம். பக்கத்துச் சுவர்கள் மட்டும் இல்லையென்றால் கட்டிடம் எப்போதோ படுத்துத் தூங்கியிருக்கும்.

மாதிரி ஃபிளாட்டில் புரமோட்டர் குப்புறச் செத்துக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில், கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்த்து வைக்கும் எட்டு கிலோ கட்டி.

கான்கிரீட் பாஸாகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் வீடு நிறைந்துவிட்டதால், கான்ஸ்டபிள்கள் வெளியே வரிசையில் நின்றார்கள்.

"யாரு பார்த்தது?"

"நான்தான் மேடம்!" மச்சான் மூக்கை உறிஞ்சினான். "மாமா இங்க நின்னுட்டிருந்தார். நான் வாசல்ல. திடீர்னு அந்த அலமாரியைத் திறந்துக்கிட்டு இவர் வெளிய குதிச்சார்... மடேர்னு ஒரே போடு! என்னையும் தள்ளிட்டுக் கீழ ஓடினார். அப்புறம் ஒண்ணுமே தெரியாத மாதிரி மேல வர்றார்!"

அவன் விரல் ஆர்க்கிடெக்ட்டின் மூக்கைத் தொட்டது. அந்த அறையில் விரலை நீட்டினால் யார் மூக்கையாவது தொட்டே தீரும்.

"அடப்பாவி! நான் கீழ டீ குடிச்சிட்டிருந்தேன்!"

"சாட்சி?"

"டீ... கிளாஸ் இருக்கு மேடம்."

"நேத்து புரமோட்டரோட உங்களுக்குச் சண்டையாமே?"

"மாடிக்கு மூணு வீடு வரைஞ்சு கொடுத்தேன். நாலு கேட்டார், கொடுத்தேன். நேத்து அஞ்சு கேட்டார். 'ஆளை நிக்கவெச்சு மூடினா அதுக்குப் பேரு வீடு இல்லய்யா, லிஃப்ட்!'னு கத்தினேன். அவ்வளவுதான்."

"போதும். விலங்கை எடுங்க."

ஆர்க்கிடெக்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

தப்பிக்க ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். சொல்லாவிட்டால் உயிர் போய்விடும்!

லைசென்ஸுக்கும் உயிருக்கும் நடுவே அவர் ரொம்ப நேரம் யோசித்தார். ஏறக்குறைய மூன்று விநாடி.

"மேடம்... அந்த அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் கைப்பிடியை இழுத்தார்.

வரவில்லை.

பலமாக இழுத்தார். கதவு முழுசாகக் கையோடு வந்தது!

பின்னால்... சுவர்!

"என்னய்யா இது?"

"சுவத்துல ஒட்டின பலகை மேடம். உள்ள ஒண்ணும் கிடையாது. அந்தப் பக்கம் பாங்க். பிளான்ல 'விசாலமான சுவர் அலமாரி'ன்னு போட்டேன். அவர் போடச் சொன்னார். கையெழுத்து... என்னோடது."

ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். ஊசி விழத்தான் இடமில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "ஏண்டா... இதுக்குள்ளேருந்தா ஆளு குதிச்சான்?"

மச்சான் பையிலிருந்து விளம்பரக் கையேட்டை உருவினான். "பி... பிரவுச்சர்ல இருந்துச்சே மேடம்!"

"நீ திறந்தே பார்த்ததில்லையா?"

"நான் விக்கிறவன் மேடம்! எதுக்குத் திறக்கணும்? என்னை வேலையை விட்டுத் தூக்கறேன்னார்... சொந்த அக்கா புருஷன்! ஆத்திரத்துல கட்டியை எடுத்து..."

கேவிக் கேவி அழுதான். அடுத்த விநாடி விலங்கு அவன் கையில்!

ஆர்க்கிடெக்ட் பெருமூச்சு விட்டார். "ரொம்ப நன்றி மேடம். அப்போ நான் வரட்டுமா?"

"வாங்க வாங்க. நீங்களும்தான் ஜீப்ல ஏறணும்."

"நா... நான் எதுக்கு?"

"மோசடி கேஸ்! ஆறாவது மாடியில வீடு புக் பண்ணியிருக்கேன்யா நான். அலமாரி நெறைய இருக்குன்னு!"

ஆர்க்கிடெக்ட் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்க ஆரம்பித்தார். "லாக்-அப்... எப்படி இருக்கும் மேடம்?"

"பத்துக்குப் பன்னிரண்டு. மேல ஒரு சின்ன ஜன்னல்."

"ஜன்னலா?!" அவர் கண்கள் விரிந்தன. "அதை டீலக்ஸ்னு வித்திருப்போமே மேடம்!"