தாய்ப்பலகை இருந்த இடம்

கொழுந்தியாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தபோதே விஷயம் பெரிது என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. எடை அளவுத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற அக்காவிடம் தெருவே சிக்கல்களைத் தூக்கிக்கொண்டு வரும். கூடவே ஒட்டிக்கொண்டு போய், கண்ணில் படுகிறவரையெல்லாம் குற்றவாளி என்பது ஐம்பது வயதுத் தம்பியின் பங்கு. இன்று வந்து நிற்பதோ அவர் மனைவியின் சொந்தத் தங்கை.

"அத்தான், நாளைக்குக் காலையில என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. மட்டமான பலகைன்னு தெரிஞ்சே பாஸ் போட்டேனாம். இந்தப் பேரோட வேற எங்க போய் நிப்பேன்?"

கண்ணாடியின் மேல் தலைமுடியைவிட மெல்லிய படலம் பூசி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகை செய்கிற ஆலை அது. கடைசி மேசை அவளுடையது. பலகையை வைத்தால் மேலே விளக்கு சூரியனைப் போல் ஒருமுறை பளிச்சிடும். மீட்டர் நூறு வாட் காட்டினால் பாஸ், குறைந்தால் ஃபெயில். ஒரு மாதமாக அவள் பாஸ் போட்டு அனுப்பிய பலகைகள், வாங்கியவர்கள் அளந்தபோது தொண்ணூற்று நாலுதான் காட்டினவாம்.

"எல்லாமேவா?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல அண்ணி. திங்கக்கிழமை பாத்தது மட்டும் சரியா இருக்கு. அன்னிக்குத்தான் நிறைய ஃபெயில் ஆகும். மத்த நாள்ல ஒண்ணுகூட ஆகாது. ஒருநாள் ஒழுங்கா பாத்துட்டு மிச்ச நாள் கண்ணை மூடிக்கிறேன்னு மேனேஜர் சொல்றாரு."

"திங்கக்கிழமை லீவு எடுக்கிறவன் எவன்னு பாருங்க. அவன்தான்!" என்றார் தம்பி.

"முதல்ல இடத்தைப் பாப்போம்டா" என்றார் அக்கா.

மூவரும் ஆலைக்குப் போனபோது, மேனேஜர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்துவிட்டார். சோதனை அறை பளிச்சென்று இருந்தது. வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் தகதகவென்று ஒரு கேடயம். அலமாரியின் ஓரமாகத் தரையில் நாலு பழைய துருக்கறைகள். எதிர்ச் சுவரோரம் ஓர் இரும்பு ராக். அதில் ஒரே ஒரு பலகை மட்டும் நிறுத்தி வைத்திருந்தது. சோதனை மேசைக்குப் பக்கத்தில் தொங்கிய தெர்மாமீட்டர் இருபத்தைந்து டிகிரி காட்டியது. தம்பி தன் ஜில்லென்ற தண்ணீர் பாட்டிலை ராக்கின் மேல் வைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே குனிந்து தடயம் தேட ஆரம்பித்தார்.

"அது தாய்ப்பலகை அண்ணி" என்றாள் கொழுந்தியாள். "சரியா நூறு காட்டும்னு அளந்து முத்திரை போட்டது. தினம் காலையில முதல் வேலையா அதை விளக்குல வச்சு, மீட்டர் நூறு காட்டுற வரைக்கும் வெளிச்சத்தைத் திருகுவேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"ராக் ஒட்டியிருக்கிற இந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன?" என்று கேட்டார் அக்கா.

"அடுப்பு. பலகைக்கு மேல இன்னொரு கண்ணாடியை வச்சு ஒட்டுறது. ஞாயித்துக்கிழமை அணைச்சுடுவாங்க. திங்கக்கிழமை மத்தியானம்தான் திரும்பப் பத்த வைப்பாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் விளக்கு துடைப்பவர், மின்பணியாளர், மேனேஜர் மூவரையும் மனதுக்குள் கைது செய்துவிட்ட தம்பி, களைத்துப்போய் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"சே! வெந்நீராயிடுச்சு!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை நாள்ல நீ பண்ணின உருப்படியான காரியம் இதுதான்டா. சார், அந்தத் தாய்ப்பலகையை இந்த மேசையில வைங்க. ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க."

ஒரு மணி நேரம் கழித்து விளக்கு பளிச்சிட்டது. மீட்டர் நூற்று ஆறு காட்டியது. மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்தப் பலகை சூடானா மின்சாரம் குறையும். நீங்க இருபத்தஞ்சு டிகிரின்னு பாக்கிறது அறையோட சூடு. பலகையோ ராத்திரியெல்லாம் அடுப்புச் சுவர்ல சாஞ்சு கிடக்கு. காலையில அது நூறுக்குக் கீழ காட்டுது. இந்தப் பொண்ணு முறைப்படி விளக்கைக் கூட்டுறா. அப்புறம் அந்த அதிக வெளிச்சத்துல மட்டமானதும் நூறு காட்டும். திங்கக்கிழமை மட்டும் சுவர் ஆறியிருக்கும், அதனால மட்டமானது மாட்டிக்கும். பூச்சு மெலிஞ்சு பலகை மட்டமா வர்றதை வாரத்துல ஒருநாளாவது சொன்னவ இவதான்" என்றார் அக்கா.

"எனக்கு அது தோணவே இல்லையே அண்ணி" என்றாள் கொழுந்தியாள்.

"தாய்ப்பலகையை யாரும்மா சந்தேகப்படுவா? சரி, ராக் முன்னாடி வாசல்கிட்ட இருந்திருக்கு. தரையில அதோட கால் தடம் இருக்கு. ஒரு மாசம் முன்னாடி நகர்த்தினது யாரு?"

மேனேஜரின் பார்வை மெல்லக் கண்ணாடி அலமாரிப் பக்கம் போனது.

"நான்தான் மேடம். உள்ள வர்றவங்க கண்ணுல கேடயம் முதல்ல படட்டும்னு..."

"எதுக்குக் குடுத்த கேடயம் சார்?"

அவர் தொண்டையைச் செருமினார். "தரக் கட்டுப்பாட்டுக்கு."

சட்டைப் பையிலிருந்த வேலைநீக்கக் கடிதத்தை அவரே எடுத்து நாலாகக் கிழித்தார். "தப்பு என் பேர்ல, தாயி. வாங்கினவங்களுக்கு நானே எழுதிடறேன். எல்லாத்தையும் திரும்ப வரவழைச்சு அளப்போம்."

"நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன் அண்ணி" என்று சொன்ன கொழுந்தியாள், ஒரு மாதத்து அழுகையை ஒரே மூச்சில் அழுது தீர்த்தாள். தம்பிக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கண் கலங்கியதை மறைக்க, மேனேஜரோடு சேர்ந்து அலமாரியைத் தூக்கிப்போய் அடுப்புச் சுவரோரம் வைத்தார்.

ராக் பழைய இடத்துக்கு வந்தது. கொழுந்தியாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தாய்ப்பலகையை வைத்து மீட்டர் நூறு காட்டும்வரை விளக்கைத் திருகி, காலையில் பாஸ் போட்ட பலகை ஒன்றை எடுத்து வைத்தாள். தொண்ணூற்று நாலு.

சிவப்பு முத்திரையை எடுத்து ஃபெயில் என்று ஓங்கிக் குத்தியபோது, அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.