ஒளிந்துகொண்ட மஞ்சள் தவளை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"மச்சான்! என்னைக் கொலை பண்ணிட்டாங்க! பண்ணினவனை நானே பிடிச்சுட்டேன்!"

அக்காவின் கணவர். மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். இப்போது பின்னறை முழுக்க விஷத் தவளை வளர்க்கிறார். வாயைத் திறந்தால் புளுகு மூட்டை அவிழும்!

"அத்தான்... போன மாசம் முதலையோட காதைத் திருகினேன்னீங்க. முதலைக்கு ஏது காது?"

"நான் திருகின திருகுல உள்ளே போயிடுச்சு! சீக்கிரம் வாடா!"

குரலில் ஒரு நடுக்கம்.

அது புதிது...!

பதினைந்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் பின்னறையில் நின்றார். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். பாசி, ஈர இலைகள், புகை போல நீர்த்திவலை.

"எங்கே அந்தக் கொலைகாரன்?"

"டீ வாங்கப் போயிருக்கான்."

"அத்தான்!"

"என் கூட்டாளிதான்டா. கேளு. மூடியைத் தட்டி, சத்துப்பொடி தூவின பழ ஈயைப் போட்டேன். இங்கே பொறந்த தவளையெல்லாம் முண்டியடிச்சு ஓடி வந்துச்சு. ஒண்ணு மட்டும் இலைக்கடியில பதுங்குச்சு. அது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல... காட்டுல பிடிச்சது!"

"இருந்துட்டுப் போகட்டுமே?"

"மக்கு! காட்டுல தின்ற எறும்பு, பூச்சியிலேர்ந்துதான் அதுக்கு விஷம் ஏறுது. இங்கே பழ ஈ தின்னு வளர்ந்ததுக்கு விஷமே கிடையாது. அதனாலதான் நான் வெறுங்கையால தூக்கறேன். இந்த விரலோட!"

கண்ணாடி கீறிய காயம். இன்னும் ஆறவில்லை.

"இதுல அந்த விஷம் பட்டிருந்தா உன் அக்கா இந்நேரம் அழுதுட்டு இருப்பா."

"அவன் ஏன் உங்களைக் கொல்லணும்?"

"காட்டுத் தவளையைக் கடத்திட்டு வந்து, வீட்ல பொறந்ததுன்னு விக்கறான். வனத்துறையில சொல்லிடுவேன்னு நேத்து மிரட்டினேன்."

"தவளை ஒளிஞ்சதுன்னு ஒருத்தனைக் கைது பண்ணச் சொல்றீங்களா? கோர்ட்ல என் தொப்பியைக் கழட்டிக் கையில கொடுத்துடுவாங்க!"

வாசலில் செருப்புச் சத்தம்...

"அலமாரிக்குப் பின்னாடி போ!"

கூட்டாளி உள்ளே வந்தான். டீ தம்ளர்களை வைத்தான்.

"தம்பி, தொட்டி கழுவணும். இவனைக் கொஞ்சம் பிடி."

பெரியவரின் உள்ளங்கையில்... மஞ்சள் தவளை!

கூட்டாளியின் முகம் வெளுத்தது.

"அண்ணே... இது...?"

"இலைக்கடியில பதுங்கிட்டிருந்த பய. பிடி!"

"கை... கையுறை எங்கே அண்ணே?"

"கையுறையா? அதைப் போடறவன் பயந்தாங்கொள்ளின்னு ஊர் பூரா கேலி பண்ணினவனாச்சே நீ!"

பெரியவர் ஓரடி முன்னே வைத்தார்.

அவன் ஓரடி பின்னே வைத்தான். முதுகில் சுவர் இடித்தது.

தவளை தாவியது!

நேராக அவன் கழுத்தில்!

"ஐயோ! எடுங்க! அது காட்டுல பிடிச்சது! நான்தான் தொட்டியில போட்டேன்! நீங்க தொட்டுச் சாவீங்கன்னுதான் போட்டேன்! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்களேன்...!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"அத்தான், முதல்ல கையைக் கழுவுங்க! நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்!"

பெரியவர் நிதானமாகத் தவளையை எடுத்தார்.

உதட்டருகே கொண்டு போனார்.

"அத்தான்...! வேணாம்...!"

'இச்'சென்று ஒரு முத்தம்!

இன்ஸ்பெக்டருக்கு இதயம் ஒரு நொடி நின்று, பிறகு வேண்டாவெறுப்பாகத் துடித்தது.

பெரியவர் கண் சிமிட்டினார்.

"இது இந்தத் தொட்டியிலேயே பொறந்த குட்டிடா. அந்தக் காட்டான் அதோ, பூட்டின டப்பாவுல பத்திரமா இருக்கான்!"

கூட்டாளி கழுத்தைத் தடவியபடி தரையில் சரிந்தான். கையில் விலங்கு ஏறியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கறேன் அத்தான். உங்களைக் கொல்லப் பார்த்ததும் நிஜம். ஆளைப் பிடிச்சதும் நீங்கதான். ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதறேன்... அந்த முத்தத்தை மட்டும் விட்டுடறேன்."

"ஏன்டா? அதுதானே முக்கியமான கட்டம்!"

"அக்காவுக்குத் தெரிஞ்சா, அடுத்த கொலையை என்னால தடுக்க முடியாது!"