ஓக் மரத்தில் கறுப்புக் கொண்டைக்கிளி

"வாப்பா, அந்தக் காக்காவுக்குக் கொண்டை இருக்கு!"

ஃபைஹா கத்தியதும் அவளுடைய வாப்பா ஹாஜா நஜ்முதீன் கேமராவோடு ஓடி வந்தார். டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் அவர்கள் வீடு. சனிக்கிழமை தோறும் இருவரும் பக்கத்துப் பூங்காவில் பறவைகளைப் படம் பிடிப்பார்கள். அது 2007ஆம் ஆண்டு. ஃபைஹாவுக்குப் பத்து வயது.

ஓக் மரக் கிளையில் இருந்த கரிய பறவை வாலை விரித்தது. உள்ளே நெருப்புப் போலச் சிவப்புப் பட்டை!

வாப்பாவின் வாய் திறந்தது, மூடவே இல்லை.

"இது கறுப்புக் கொண்டைக்கிளிம்மா! ஆஸ்திரேலியா காட்டுல இருக்கறது. இங்க எப்படி வந்துச்சு?"

அவசரத்தில் அவர் எடுத்த மூன்று படங்களிலும் வெறும் இலைகள்தான் விழுந்தன.

"குடுங்க வாப்பா, நான் ட்ரை பண்றேன்."

ஃபைஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். படம் பளிச்சென்று வந்தது.

"சூப்பர்! இன்னிக்கே இன்டர்நெட்ல போட்டுடலாம். கேட்டியில காட்டுக் கொண்டைக்கிளி! யாருமே நம்ப மாட்டாங்க!"

ஃபைஹா கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறவையின் காலில் ஒரு வளையம். அதில் 47 என்ற எண்.

"வாப்பா, இது வைல்ட் இல்ல. யாரோ வளர்க்கறாங்க. பாவம், தொலைஞ்சு போயிருக்கு."

வாப்பாவின் முகம் வாடியது. "அப்ப நோட்டீஸ் ஒட்டலாம்."

"ஓகே. ஆனா படத்துல அதோட காலைக் காட்டக்கூடாது. எந்த மரம்னும் சொல்லக்கூடாது. நம்பரைக் கரெக்டா சொல்றவங்கதான் ஓனர்!"

வாப்பா மகளையே வியப்போடு பார்த்தார்.

அன்று மாலையே நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் பேசினார். "அது என் கிளிதான்! எங்கே இருக்கு?"

"காலில் என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"காலிலா? ஒண்ணுமே இல்லையே!"

வாப்பா போனை வைத்துவிட்டுத் திகைத்துப் போய் உட்கார்ந்தார். "இப்படிக் கூடவா பொய் சொல்வாங்க?"

மறுநாள் காலை ஒரு பெண் அழைத்தார். அழுகையை அடக்கிக்கொண்டு, "வளையத்துல நாற்பத்தேழு" என்றார். அவர் பெயர் புஷ்பவல்லி. பலத்த காற்றில் கூண்டுக் கதவு திறந்துகொண்டதாம்.

மூவரும் பூங்காவுக்குப் போனபோது பறவை இன்னும் அதே மரத்தில்தான் இருந்தது. தலை தொங்கிச் சோர்ந்திருந்தது.

"மைனர்! கீழ எறங்குடா கண்ணா!" என்றார் புஷ்பவல்லி.

"ஆன்ட்டி, அதுக்குத் தமிழ் தெரியுமா?" என்று ஃபைஹா கேட்டு முடிப்பதற்குள் பெரிய கரிய சிறகுகள் விரிந்தன. மைனர் நேராக வந்து புஷ்பவல்லியின் தோளில் இறங்கினான். அவர் கன்னத்தில் தலையைத் தேய்த்தான்.

வாப்பா ஆசையோடு குனிந்தார். டக்! அவருடைய சட்டைப் பொத்தான் மைனரின் அலகில் இருந்தது.

"ஐயோ, சாரி சார்!" என்று பதறினார் புஷ்பவல்லி. "இவனுக்குப் பட்டன்னா உயிர்!"

பொத்தான் போன சட்டையோடு நின்ற வாப்பாவையும், பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்த மைனரையும் சேர்த்து ஃபைஹா ஒரு படம் எடுத்தாள்.