தும்மலையும் எழுதினேன்

அலுவலகத்தில் என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரே சொல்லில் சொல்லிவிடுவேன்: நகல்.

கணினிகளில் இருப்பதையெல்லாம் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கிற வேலை. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கும். எதுவும் கெட்டுப்போகாத நாட்களில் என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. ஏதாவது அழிந்துபோனால் மட்டும் என் நாற்காலியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்.

பக்கத்து மேசைத் தோழி ஒருநாள் கேட்டாள். "இதையெல்லாம் எந்தக் காலேஜ்ல கத்துக்கிட்ட?"

"காலேஜ்ல இல்ல. அஞ்சாவது படிக்கும்போது, எங்க வீட்டுத் தரையில உட்கார்ந்து கத்துக்கிட்டேன்," என்றேன்.

அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கடிகாரம், ரேடியோ, டார்ச் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றுவான். திரும்ப மாட்டுவான். அது ஓடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகும்.

"இது எங்கேருந்துடா வந்தது?" என்று அம்மா கேட்பார்.

"அது தேவையில்லாத ஸ்க்ரூம்மா. செஞ்சவங்க கணக்குத் தெரியாம ஒண்ணு கூடப் போட்டுட்டாங்க," என்பான்.

மிச்ச ஸ்க்ரூக்கள் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குப் போகும். டப்பா பாதி நிறைந்திருந்தது.

அவன் எதைச் செய்தாலும் நானும் செய்வேன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டால் நானும் மடிப்பேன். அவன் கீரையை ஒதுக்கினால் நானும் ஒதுக்குவேன். அதனால் தங்கையான எனக்கு அவன் வைத்த பெயர் 'ஜெராக்ஸ்'. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாடி வீட்டில் குண்டூசி இருந்தான். என் வகுப்புதான். உடம்பு ஒல்லி, தலை உருண்டை. பெயர் வைக்க யாரும் கஷ்டப்படவில்லை. அவன் அப்பா பஸ் ஓட்டுநர். அம்மா நர்ஸ்.

அந்த வருட மழைக்காலத்தில் அவன் அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் குண்டூசி பள்ளிக்கு வந்தான். வீட்டுப்பாடம் செய்தான். கூப்பிட்டால் விளையாடவும் வந்தான். சிரிக்கிறதை மட்டும் விட்டுவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி.

"அண்ணா, இதுக்குப் பேட்டரி மாத்தித் தர்றீங்களா?"

அது ஒரு டிஜிட்டல் டைரி. எல்லார் கையிலும் போன் வராத காலம் அது. குட்டித் திரை, குட்டிக் குட்டிப் பொத்தான்கள். தொலைபேசி எண்களையும் சின்னச் சின்னக் குறிப்புகளையும் அதில் அடித்து வைக்கலாம். எந்த நாள் எந்த நேரம் வேலை என்று குறிப்பதற்காகக் குண்டூசியின் அம்மா அதை வாங்கியிருந்தார். வேலை நேரத்தோடு வேறு பலவும் குறித்திருந்தார்.

"தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் ரெண்டே ரெண்டு படிப்பேன். ஒரேயடியா படிச்சா தீர்ந்துடும்ல? இன்னும் நிறைய பாக்கி இருக்கு. ஆனா இப்ப எழுத்து மங்கலாயிடுச்சு," என்றான் குண்டூசி.

"பேட்டரிதானே. எனக்கு இதெல்லாம் ஜுஜுபி," என்று அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு போன்ற எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பேட்டரியை எடுத்தால் முப்பது வினாடிக்குள் புதியதைப் போட வேண்டும். தாமதமானால் உள்ளே இருப்பவை அழியலாம்.

"அழியலாம்னுதான் போட்டிருக்கு. அழியும்னு போடலையே," என்றான் அண்ணன்.

"அழிஞ்சா?" என்று கேட்டான் குண்டூசி.

"அழியாதுடா. முப்பது வினாடி கேட்கிறான். நான் மூணு வினாடியில முடிச்சிடுவேன்."

எனக்குப் பவுடர் டப்பா ஞாபகம் வந்தது.

"முதல்ல எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கலாம். அப்புறம் மாத்து," என்றேன்.

அண்ணன் பொத்தானை அழுத்தி எண்ணிக்கையைப் பார்த்தான். "நூத்திப் பதினாலு இருக்கு. உன் கை கழண்டுடும்."

"கழண்டா நீயே மாட்டிவிடு. ஒரு ஸ்க்ரூ மிச்சமானாலும் பரவாயில்லை."

அண்ணன் என்னை முறைத்தான். குண்டூசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

புது நோட்டு ஒன்று எடுத்தேன். பேனாவில் மை நிரப்பினேன். அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் டைரியைச் சாய்த்துப் பிடித்தான்.

"ஒரு எழுத்துகூட விடக்கூடாது. நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே எழுது," என்றான்.

முதல் குறிப்பிலேயே தகராறு. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. அதனால் குண்டூசியின் அம்மா தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

"பி, ஏ, எல். பால். 'பால் விழுந்தது,'" என்று படித்தான் அண்ணன். "பால் எப்படிடா விழும்? பொங்கும். கொட்டும். விழுமா?"

குண்டூசி வாயைத் திறந்து கீழ் வரிசையைக் காட்டினான். "பால் இல்ல அண்ணா. பல். என் பல்."

"அதானே பார்த்தேன். ஏய் ஜெராக்ஸ், பல்லுன்னு எழுது."

அடுத்தது 'கூடை ரிப்பேர்' என்றான். "கூடையை யாருடா ரிப்பேர் பண்ணுவாங்க?"

"குடை அண்ணா. கம்பி ஒடிஞ்சது."

இப்படியே போனது. அண்ணன் படிப்பான், குண்டூசி திருத்துவான், நான் எழுதுவேன். திங்கள் பகல் வேலை. வியாழன் இரவு வேலை. எதிர் வீட்டுக்காரரின் ஏணியைத் திருப்பித் தர வேண்டும். வேகமாக எழுதியதில் என் எழுத்துகள் கோணிக்கொண்டு ஓடின.

நாற்பதைத் தாண்டியதும் ஒரு குறிப்பு. அண்ணன் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"'கணக்கில் பன்னிரண்டு. தாளை அலமாரிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறான். ஒளிக்கவும் தெரியவில்லை. திட்ட வேண்டாம். நாளை உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.'"

நான் எழுதி முடித்து நிமிர்ந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக. "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. அதான் மறுநாள் அவங்களா வந்து கணக்கு சொல்லிக்கொடுத்தாங்களா?"

அதற்குப் பிறகு அண்ணன் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். கொஞ்சம்தான்.

எண்பத்தொன்பதாவது குறிப்பு முடிந்ததும் திரை வெறுமையானது. அண்ணன் எப்படிச் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்கு மேல முடியாது. பேட்டரியை மாத்திடறேன்," என்றான்.

"இன்னும் இருபத்தஞ்சு இருக்கே," என்றான் குண்டூசி.

"இரு அண்ணா," என்றேன். "போன வாரம் உன் டார்ச் அணைஞ்சுபோச்சே. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா மறுபடி எரிஞ்சுதில்ல?"

"ஆமா. ரெஸ்ட் எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் எரிஞ்சுது."

"இதுக்கும் ரெஸ்ட் குடுக்கலாம்."

அண்ணன் யோசித்தான். "குளிர்ல பேட்டரி சீக்கிரம் சோர்ந்துடும். சூடா வச்சிருந்தா இன்னும் நல்லது," என்றான். குண்டூசி டைரியை அணைத்தான். சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

மூன்று பேரும் சுவரில் சாய்ந்து காத்திருந்தோம்.

"என்னடா, முட்டை அடைகாக்கிறியா?" என்றான் அண்ணன்.

கால் மணி நேரம் கழித்துத் திறந்தோம். எழுத்துகள் வந்தன, சாம்பல் நிறத்தில். நான்கு குறிப்பு எழுதுவதற்குள் மறைந்தன. மறுபடி அக்குள். மறுபடி நான்கு. ஒரு முறை ஐந்துகூட வந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரின் மறுபக்கம் போய்விட்டது. என் நடுவிரலில் பேனா அழுத்தி ஒரு குழியே விழுந்துவிட்டது.

நூற்றுப் பதினான்காவது குறிப்பு இதுதான்: 'செருப்பு சின்னதாகிவிட்டது. அடுத்த முறை ஒரு அளவு பெரிதாக.'

குண்டூசி தன் காலைப் பார்த்தான். வாசலில் விட்டிருந்த அவன் செருப்பை நானும் பார்த்தேன். குதிகால் வைத்து வைத்துப் பின்விளிம்பு நசுங்கியிருந்தது.

பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மூடியைக் கழற்றினான். உள்ளே பேட்டரியைப் பிடித்திருந்த தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினான். பழைய பேட்டரியை எடுத்தான்.

"எண்ணு," என்றான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணினேன்.

ஸ்க்ரூ அவன் விரலிலிருந்து நழுவியது. தரையில் துள்ளியது. அலமாரிக்கு அடியில் உருண்டு போனது. அது இல்லாமல் தகடு நிற்காது, தகடு இல்லாமல் பேட்டரி நிற்காது. விரலால் அழுத்திப் பிடிக்கலாம் என்று அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் குப்புறப் படுத்து அலமாரிக்கு அடியில் தலையை விட்டான். நான் எண்ணிக்கொண்டே பவுடர் டப்பாவைத் தரையில் கொட்டினேன். அத்தனை ஸ்க்ரூக்களில் பொருந்துகிற மாதிரி ஒன்று கிடைத்தபோது எண்ணிக்கை ஐம்பத்தாறு.

பேட்டரி போட்டோம். திரையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. குறிப்புகள்: பூஜ்யம்.

அண்ணனின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. டைரியை அணைத்துவிட்டு மறுபடி திறந்தான். பூஜ்யம்தான். "டேய் குண்டூசி," என்றான். டைரியை அவனிடம் நீட்டினான்.

குண்டூசி அதை வாங்கி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தான். பிறகு டைரியைக் கீழே வைத்துவிட்டு என் மடியிலிருந்த நோட்டை எடுத்தான். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தான்.

"'பி ஏ எல் பால். பால் விழுந்தது. பால் எப்படிடா விழும். பொங்கும் கொட்டும் விழுமா. பால் இல்ல அண்ணா பல் என் பல். அதானே பார்த்தேன் ஏய் ஜெராக்ஸ் பல்லுன்னு எழுது. முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளின்னு எழுதாத, வை. இரு தும்மல் வருது. அச்.'"

அண்ணன் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"தும்மலைக்கூடவா எழுதின?" என்றான் அண்ணன்.

"நீதானே ஒரு எழுத்துகூட விடாம அப்படியே எழுதச் சொன்ன," என்றேன். எனக்கு அழுகை வந்தது. நூற்றுப் பதினான்கு குறிப்புகளையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். "நான் திருத்தி வேற நோட்டுல அழகா எழுதித் தரேன்டா."

குண்டூசியிடமிருந்து ஒரு விநோத சத்தம் வந்தது. முதலில் விக்கல் என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பல் விழுந்து முளைத்த இடமெல்லாம் தெரிந்தது.

"வேணாம்," என்றான் மூச்சு வாங்க. "இப்படியே இருக்கட்டும்."

அடுத்த வாரம் அவன் அப்பா அவனுக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். ஒரு அளவு பெரிது. நோட்டை அவரும் படித்திருக்கிறார் என்று புரிந்துகொண்டோம்.

இதெல்லாம் நடந்து பதினாறு வருடம் ஆகிறது.

அண்ணன் இப்போது இல்லை. போன வருடம் நோயில் விழுந்தான். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்குத் திரும்பவில்லை. அவனுடைய பவுடர் டப்பா என் அலுவலக மேசையில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்பார்கள். தேவையில்லாத ஸ்க்ரூ என்பேன்.

அவன் குரல் மட்டும் என்னிடம் இல்லை. போனில் அவன் அனுப்பியதெல்லாம் கட்டைவிரல் படமும் குரங்குப் படமும்தான். "பேசணும்னா நேர்ல வரேன்," என்பான். வந்துவிடுவான். ஊருலகத்துக்கெல்லாம் நகல் எடுத்து வைக்கிற எனக்கு, அவன் பேசுவதைப் பதிவு செய்யத் தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குண்டூசி வந்தான். அம்மாவைப் போலவே அவனும் இப்போது நர்ஸ். நன்றாகக் குண்டாகிவிட்டான். பெயரை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்துத் தந்தான்.

"அந்த நோட்டு. மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன்," என்றான். "இத்தனை வருஷமா எங்க அம்மாவுக்காக மட்டும்தான் படிச்சிட்டிருந்தேன். போன வாரம்தான் கவனிச்சேன். பாதிக்கு மேல அண்ணாதான் பேசறார்."

அவன் போன பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தேன். கூடையை யாருடா ரிப்பேர் பண்ணுவாங்க. முட்டை அடைகாக்கிறியா. ஏய் தள்ளி உட்காரு வெளிச்சத்தை மறைக்கிற. எல்லாம் இருந்தன. மூன்று தும்மலும் இருந்தன.

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், எனக்கு ஞாபகமே இல்லாத இரண்டு வரிகள் இருந்தன. பத்து வயதின் கோணல் எழுத்தில், எழுதியவள் தான் சொன்னதையும் விடாமல் எழுதியிருந்தாள்.

'ஏய் ஜெராக்ஸ் கை வலிக்குதா. கொஞ்சம் நிறுத்திக்கலாமா.'

'வலிக்கல அண்ணா. நீ சொல்லு, நான் எழுதறேன்.'