அண்டாவுக்குள் ஒரு தலை

பள்ளி மணி அடித்து ஓய்வதற்குள் ரேடியோ வாசலைத் தாண்டிவிட்டாள். பை முதுகில் குதித்தது. பாதி வழியில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். நிற்க நேரமில்லை. இன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வருகிறான்.

ரேடியோ என்பது அவளுடைய பட்டப்பெயர். அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் அடுத்த நிமிடம் தெருவுக்கே தெரிந்துவிடும். பெயர் வைத்தவன் அண்ணன்தான். "ரேடியோ, சத்தத்தைக் குறை" என்று தினமும் அவள் காதைப் பிடித்துத் திருகுவான்.

அவர்கள் தெரு பாத்திரம் செய்கிறவர்களின் தெரு. காலையில் ஆரம்பித்தால் மாலை வரை டங்கு டங்கென்று தகடு தட்டும் சத்தம்தான். அங்கே ரகசியம் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேசுவார்கள்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், மாலையில் எல்லாரும் பட்டறை வாசலுக்கு வந்து நிற்பார்கள். சுத்தியலை ஓங்கிப் பிடித்து, கண்ணை மூடி, அவரவர் கடவுளிடம் மனசுக்குள் வேண்டிக்கொள்வார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. தெருவே அதிரும்.

"நாள் முழுக்க இவ்வளவு இரைச்சல். இதுக்கு நடுவுல நம்ம வேண்டுதல் தனியாக் கேக்க வேண்டாமா?" என்பார் மூடி மாமா. பாத்திரங்களுக்கு மூடி மட்டும் செய்கிறவர் அவர். அவர் ஒரு முடிவு சொன்னால் தெருவில் மறுபேச்சு கிடையாது.

அண்ணனுக்குப் பதினாறு வயது. மழை பெய்த ஒரு நாள், சைக்கிளில் போனவனை லாரி இடித்துத் தள்ளிவிட்டது. தலையில் பலத்த அடி. ரொம்ப நாள் கண்ணே திறக்கவில்லை. அந்த நாட்களில் தெரு ஒரு மாலைகூடத் தவறாமல் தட்டியது. வெளியூர் போனவர்கள்கூடப் போன இடத்தில் ஒரு தட்டை வாங்கித் தட்டிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

ஒரு நாள் சரியாக அந்த நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தான். அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார். அன்றிலிருந்து தெருவில் ஒரே போட்டி.

"அவனை எழுப்புனதே என் தட்டுதான்" என்பார் மூடி மாமா.

"உங்க மூடிச் சத்தம் எதிர்வீட்டுக்கே கேக்காது. என் அண்டாதான் எழுப்பிச்சு" என்பார் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கும் அளவுக்குப் பெரிய அண்டாக்கள் செய்கிறவர். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால், ரேடியோவுக்கு இத்தனை நாளும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அத்தை வீட்டில்தான்.

தெருமுனைக்கு வந்த ரேடியோ அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவே வாசலில் நின்றது. பெரியவர்கள் கையில் சுத்தியல். பொடிசுகள் கையில் தட்டும் கரண்டியும். அத்தை வீட்டு வாசலில், உத்தரத்திலிருந்து சங்கிலி கட்டி, இருப்பதிலேயே பெரிய அண்டாவைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்ன அத்தை இது?"

"வந்துட்டியா? உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடும்னுதான் சொல்லல" என்று அத்தை சிரித்தார். "கார் முனை திரும்பினதும் எல்லாரும் சேர்ந்து ஒரு தட்டு. நன்றி சொல்ற தட்டு. இந்த மாதிரி ஒரு தட்டை இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

ரேடியோ சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தாள். குதித்துக் கீழே வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் டிபன் டப்பாவின் மூடியைக் கீழே போட்டுவிட்டாள். சின்ன மூடிதான். ஆனால் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டுவிட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நர்ஸ் அக்கா ஓடிவந்து, "அடிபட்ட தலை இன்னும் முழுசா ஆறலை பாப்பா. சின்னச் சத்தம்கூட அவனுக்கு இடி மாதிரி விழும். பெரிய சத்தம் கேட்டா மறுபடியும் இங்கேயே வர வேண்டியதாயிடும்" என்றார்.

நர்ஸ் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னான். "தெருவுல யார்கிட்டயும் சொல்லாதே ரேடியோ. அம்மா அப்பாவையும் சொல்ல வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சா எல்லாரும் வேலையை விட்டுட்டு உக்காந்துடுவாங்க. நான் பின்னறையில கதவைச் சாத்திக்கிட்டுச் சமாளிச்சுப்பேன்."

ரேடியோ தன் வாழ்க்கையில் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான். அன்றிலிருந்து அது அவள் வயிற்றுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது அதை வெளியே விடாமல் வேறு வழியில்லை.

"அத்தை, தட்டக் கூடாது. அண்ணனுக்கு ஆகாது" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. பொடிசுகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முக்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தி, நர்ஸ் சொன்னது முழுவதையும் ஒப்பித்தாள். தெரு கொஞ்சம் அடங்கியது.

மூடி மாமாவின் முகம் வாடிப்போனது. "நாங்க தட்டித்தானே அவன் கண்ணைத் திறந்தான்? அந்தச் சத்தமா அவனுக்கு ஆகாது?"

"சின்னப் பிள்ளை, பயப்படுது" என்றார் அத்தை.

அப்போது அத்தையின் போன் அடித்தது. "பக்கத்துல வந்துட்டோம் அக்கா" என்று சொல்லிவிட்டு அப்பா வைத்துவிட்டார். அத்தை திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அப்பா எடுக்கவில்லை.

தெரு மறுபடியும் சுத்தியலைத் தேடியது. ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயால் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. வேறு எப்படிச் சொல்வது? அவள் கண் அண்டாவின் மேல் விழுந்தது.

"அத்தை, இதுக்குள்ள கொஞ்சம் தலையை விடுங்களேன்."

"எதுக்குடி?"

"விடுங்களேன். அப்புறம் நீங்க சொன்னபடி கேக்கறேன்."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, அண்டாவுக்குள் தலையை விட்டார். ரேடியோ விரலை மடக்கி, வெளிப்பக்கம் டொக் என்று ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

அத்தை காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கண் இரண்டும் உருண்டையாக இருந்தன. "ஐயோ, எதைடி எடுத்து அடிச்சே?"

"விரல்தான் அத்தை. அண்ணன் இப்போ எந்நேரமும் இந்த மாதிரி அண்டாவுக்குள்ளதான் இருக்கான்."

அத்தை இரண்டு கையாலும் அண்டாவை அணைத்து, அதன் அதிர்வை அடக்கினார்.

மூடி மாமா முன்னால் வந்து தன் வழுக்கைத் தலையை உள்ளே விட்டார். டொக். அவர் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நல்லவேளை சொன்னே கண்ணு" என்றார். "ஆனா தட்டாம எப்படி நன்றி சொல்றது? கடவுளுக்கு எப்படிக் கேக்கும்?"

ரேடியோ யோசித்தாள். "எப்பவும் போல சுத்தியலை ஓங்குங்க மாமா. வேண்டிக்கங்க. இறக்காதீங்க, அவ்வளவுதான். நாள் முழுக்கச் சத்தம் போடுற தெரு இது. திடீர்னு ஒரு சத்தமும் வரலைன்னா, இந்தத் தெருவுக்கு என்ன ஆச்சுன்னு அவரே எட்டிப் பாக்க மாட்டாரா?"

மூடி மாமா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுச்சு இல்ல? சங்கிலியைக் கழட்டுங்க. கரண்டியெல்லாம் உள்ள போகட்டும். அவன் தேறுற வரைக்கும் தட்டுற வேலை மைதானத்துப் பக்கத்துக் கொட்டகையில."

அவ்வளவுதான். தெரு பரபரவென்று இயங்கியது. நாலு பேர் அண்டாவைப் பிடித்து, தூங்கும் குழந்தையைப் போலத் தரையில் இறக்கினார்கள். பொடிசுகளின் கரண்டிகள் பறிக்கப்பட்டன. "நான் ரகசியமாப் பேசலாமா?" என்று அத்தை ரகசியமாகக் கேட்டார். அடுத்த தெருவில் ஒரு நாய் குரைத்தது.

"வேண்டாம் அத்தை" என்றாள் ரேடியோ.

கார் முனை திரும்பியது. எல்லாச் சுத்தியலும் மேலே போயின. எல்லாக் கண்ணும் மூடின. அந்த நேரம் பார்த்து அத்தையின் மூக்கு துடித்தது. அத்தையின் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. அதற்குள் தும்மிவிடலாமா என்று அத்தை பதறிப்போய் அண்டாவைப் பார்த்தார். ரேடியோ வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். அத்தை பாத்திரம் துடைக்கும் துணிமூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். புஸ் என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

அப்பா அண்ணனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். அண்ணன் ரொம்ப இளைத்திருந்தான். அவன் நிமிர்ந்து தெருவைப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் ஓங்கிய சுத்தியல்கள். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அம்மா அவன் காதைப் பொத்த ஓடிவந்தார். அவன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தோள் இரண்டும் சுருங்கின. தெருக்காரர்கள் மனசு நோகக் கூடாதென்றுதான் அவன் காதைப் பொத்தவில்லை. அது ரேடியோவுக்குப் புரிந்தது.

ஒன்றும் விழவில்லை.

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொரு கண்ணை. சுத்தியல்கள் மேலேயே நின்றன. எப்படி முடிப்பது என்று ரேடியோ யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தட்டு இல்லாமல் அந்தத் தெருவில் வேண்டுதல் முடிந்ததே கிடையாது.

அண்ணன் மெல்லச் சிரித்தான். ஒரு விரலைத் தூக்கி நாற்காலியின் கைப்பிடியில் தட்டினான்.

டொக்.

அத்தனை சுத்தியல்களும் சத்தமில்லாமல் கீழே இறங்கின. தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"என் தட்டைவிட இது நல்லா இருந்துச்சு" என்று மூடி மாமா முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் ரேடியோவைப் பக்கத்தில் வரச்சொன்னான். "இவங்களுக்கு யார் சொன்னது?"

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்."

அண்ணன் அவள் காதைப் பிடித்து மெதுவாகத் திருகினான். "ரேடியோ, சத்தத்தைக் குறை. ஆனா நிறுத்திடாதே. என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு."

ரேடியோ அவன் காதோரம் வாயை வைத்து, அத்தையின் தலை அண்டாவுக்குள் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.