உருமி இல்லாத அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ரூபன் யாருக்கும் அசைந்து கொடுக்கமாட்டான். கச்சாங் பூத்தே பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ‘சிரிப்புச் சந்தை’ நேரலையைப் பார்ப்பான். அன்றைக்கு நகைச்சுவை நாடகங்களின் முடிவில் சுங்கை சிப்புட் உருமி மேளக் குழு வேறு வாசிக்கப் போகிறது. அதனால் அலுவலகப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டபோது முதலில் எரிச்சல்தான் பட்டான். வந்து நின்றவளைப் பார்த்ததும் வாயில் இருந்த கடலையை மெல்லவும் மறந்தான்.

வந்தவள் ஷாமினி. அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். எதிர்ச் சாரியில் இருக்கும் பழைய திரையரங்கில்தான் படப்பிடிப்பு. கழுத்தில் ஒலிவாங்கி தொங்க அப்படியே சாலையைக் கடந்து ஓடி வந்திருந்தாள்.

“மேரி அக்கா, உருமிய காணோம்!”

மேசைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருதயமேரி, கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தாள். காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். எதற்கும் பதறாத மனுஷி. பதறுகிற வேலையை அவள் உதவியாளன் ரூபன் இருவருக்கும் சேர்த்தே பார்த்துக்கொள்வான்.

“கஞ்சோங் ஆவாத, பதறாமச் சொல்லு. எப்ப காணாமப் போச்சு?”

“இப்பதான், மூணாவது நாடகம் ஓடிக்கிட்டு இருந்தப்ப. இன்னும் அரை மணி நேரத்துல அவங்க மேடை ஏறணும். கோலாலம்பூர் தலைமை ஆபிஸ்ல இந்த ஷோவ நிறுத்திடலாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க அக்கா. இன்னிக்கு உருமிக்காகத்தான் இத்தன பேரு பாக்குறாங்க. அது வரலன்னா அடுத்த வாரம் ஷோவே கிடையாது.”

மூவரும் படியிறங்கி ஓடினார்கள். ஓடியது இருவர்தான், மேரி நடந்தாள், ஆனாலும் பிந்தவில்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த நடைபாதை முழுக்க வெள்ளையாக இருந்தது. ரொட்டி சானாய் கடை நாடகத்துக்காகத் தூக்கிப் போன மாவு மூட்டை கிழிந்து கொட்டியிருந்தது. பெருக்க நேரமில்லை. வந்தவர் போனவர் காலெல்லாம் அதில் பதிந்திருந்தது. மேடையிலிருந்து சிரிப்பும் கைதட்டலும் அலையலையாக வந்துகொண்டிருந்தன.

விருந்தினர் அறை வாசலில் உருமிக் குழுத் தலைவன் தர்மா கையை அகல விரித்து மறித்து நின்றான். அவனும் குழுவினரும் மஞ்சள் வேட்டியில், வெறுங்காலோடு இருந்தார்கள்.

“யாரையும் உள்ள விடல அக்கா. நானும் போகல. கிளம்புறப்ப பூசை போட்ட உருமி. நாற்காலியில எலுமிச்சம்பழத்தோட வெச்சிட்டு, எல்லாரும் மேடை ஓரத்துல நாடகம் பாக்கப் போனோம். திரும்பி வந்து வாசல்ல நின்னு பாத்தா நாற்காலி காலி.”

“நீங்க போறப்ப இந்த மாவு கொட்டியிருந்துச்சா?”

“இல்ல. பின்னாடிதான் கிழிஞ்சிச்சு.”

“வேற உருமி?”

“ஊர்லதான் இருக்கு. இப்ப போய் எடுத்துட்டு வர முடியாது.” தர்மாவின் குரல் உடைந்தது. “வீட்டுல, தோட்டத்துல, எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க.”

ரூபன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் கருநீலக் கம்பளம். அதன்மேல் மாவு ஒரு பொட்டுகூட இல்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “அக்கா! மாவுல நடந்து வந்தவன் உள்ள போயிருந்தா கம்பளம் வெள்ளையாகணும். அப்ப ஜன்னல் வழியாத்தான் வந்திருக்கான்!”

“ஜன்னல்ல கம்பி இருக்கு, ரூபன்.”

அவன் மூக்குடைபட்டாலும் தளரவில்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி ஒரு தடத்தைக் காட்டினான். வரி எதுவும் இல்லாத வழவழப்பான இரண்டு அடிகள், பக்கத்தில் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி, அச்சு வைத்தது போலிருந்தன. “இங்க ஒருத்தன் நின்னு ஒட்டுக் கேட்டிருக்கான்!”

மேரி குனிந்து அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “கடைசி நாடகம் என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் விளம்பர இடைவேளை வந்தது. மேடையிலிருந்து நகைச்சுவை நடிகன் கிளென் வியர்வையோடு வந்தான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேடம். முழங்கால்வரை கயிறு கட்டிய பூட்ஸ். நாடகங்களை எழுதுவதும் அவன்தான்.

“கல்யாண வீடு அக்கா. அதுலயிருந்து அப்படியே உருமிப் பாட்டுக்குப் போறோம். ஆண்ட்டி ஒருத்தி வாரா, கூட்டத்துல இடமில்ல. உருமி நிமிந்து நிக்குது. முக்காலின்னு நெனச்சு அதும்மேல தொப்புன்னு உக்காந்துடுறா!” அவனே சிரித்தான். “செம காமெடி லா.”

“தர்மாவுக்குத் தெரியுமா?”

“சர்ப்ரைஸ். ஒத்திகையில முக்காலி வெச்சிதான் செஞ்சோம்.”

இதற்குள் ரூபன் மேரியின் காதோரம் வந்துவிட்டான். “அக்கா, இவன்தான். உருமிக்காக இவன் நேரத்தக் குறைச்சிட்டாங்களாம். கோவம்!”

அப்போது நடைபாதையில் ஆண்ட்டி வேடத்தில் தினேஸ்வரி வந்தாள். பட்டுச்சேலை, பெரிய கொண்டை, காலை நுழைத்தாலே மாட்டிக்கொள்ளும் தட்டையான செருப்பு. சிம்பாங் பூலாயிலிருந்து வந்த புதுப் பெண். இதுதான் அவளுக்கு முதல் நேரலை.

“ஷாமினி அக்கா,” என்று தயங்கிச் சொன்னாள், “உருமி இல்லன்னா நாடகத்துக்கு ஒத்திகை முக்காலியவே போட்டுக்கலாமா?”

“ஸ்கிரிப்ட்ட பத்தி நீ பேசாத!” ஷாமினி சீறினாள். “போன மாசம் கேள்வி கேட்டவள நான் என்ன செஞ்சேன்னு தெரியும்ல? நாடகம் இருக்கட்டும், பாட்டுக்கு உருமி எங்க?”

தினேஸ்வரி சுவரோரமாக ஒதுங்கினாள். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நாடகம் தொடங்கிவிட்டது. அதில் இவர்கள் யாரும் இல்லை.

“எல்லாரும் இங்கயே இருங்க,” என்றாள் மேரி. “சத்தம் போடாம கேளுங்க. ரூபன், நீ காட்டுன தடம்தான் முக்கியம். ஆனா அங்க யாரும் நிக்கல.”

“நிக்கலயா? தடம் இருக்கே!”

“நிக்கிற மனுசன் காலை மாத்தி மாத்தி வைப்பான், தடம் கலைஞ்சிடும். இது கலையவே இல்ல. காலே இல்லாத சிலிப்பர் அது. ஒருத்தர் கழட்டி, சுவரோரமா ஒழுங்கா வெச்சிட்டு உள்ள போயிருக்காங்க. மாவு சிலிப்பர்ல நின்னுபோச்சு, காலு சுத்தம். அதான் கம்பளமும் சுத்தம்.”

ரூபன் வாயைப் பிளந்தான். “திருட வந்தவன் செருப்பக் கழட்டுவானா?”

“அதத்தான் நானும் கேட்டேன். அவசரத்துல, மாட்டுனா போச்சுங்கற நேரத்துல, செருப்ப கழட்டுறாங்கன்னா அந்தப் பொருள் மேல எவ்வளவு மரியாத இருக்கணும்? பூசை போட்டதுன்னு தெரிஞ்சவங்க. அத கெடுக்க வந்தவங்க இல்ல, காப்பாத்த வந்தவங்க.”

எல்லோரும் குழுவினரைப் பார்த்தார்கள்.

“அவங்க வெறுங்காலு. வந்திருந்தா மாவோட விரல்தடம் உள்ள விழுந்திருக்கும். கிளென் பூட்ஸ கழட்டி மாட்டுறதுக்குள்ள ஷோவே முடிஞ்சிடும். ஷாமினி போட்டிருக்கறது கயித்துச் சப்பாத்து, அவுத்துக் கட்டணும். திரும்பி வர்றப்ப ரெண்டு கையிலயும் உருமி. கைய வைக்காம, கால நுழைச்சா மாட்டுற சிலிப்பர் இங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. அந்த உருமி மேல உக்காரச் சொல்லியிருந்ததும் அவங்கள மட்டும்தான்.”

தினேஸ்வரியின் கண்கள் நிறைந்துவிட்டன. “நாடகம் முடிஞ்சதும் திருப்பி வெச்சிடலாம்னு நெனச்சேன் அக்கா. முக்காலிய போட்டு சமாளிச்சிடுவாங்கன்னு நெனச்சேன். உக்கார மாட்டேன்னு சொன்னா வேல போயிடும். தர்மா அண்ணன்கிட்ட சொன்னா அவங்க ஷோவே வேணாம்னு போயிடுவாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

“எங்க வெச்ச?” ஷாமினி பல்லைக் கடித்தாள்.

தினேஸ்வரி வாயைத் திறக்குமுன் ரூபன் துள்ளிக் குதித்தான். “இருங்க, நான் சொல்றேன்! செருப்பக் கழட்டிட்டு தூக்குனவ அத தரையில போட மாட்டா. உயரமா, சுத்தமா, பட்டுத்துணி விரிச்ச இடம்... மணவறை!”

மேரி முதல்முறையாகச் சிரித்தாள். “ஓடு.”

கல்யாண வீட்டு அரங்கம் பின்திரைக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றது. மணப்பெண் நாற்காலியில், சிவப்புப் பட்டுக்கு அடியில், உருமி பத்திரமாக இருந்தது. எலுமிச்சம்பழத்தையும் அவள் விடவில்லை. ரூபன் அதை இரண்டு கையாலும் தூக்கினான். அவனை அறியாமலே செருப்பை உதறிவிட்டிருந்தான்.

ஆனால் உருமியைத் தோளில் மாட்டிய தர்மா மேடைப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் திரும்பினான். “பூசை போட்ட உருமிய முக்காலியாக்கப் பாத்திருக்காங்க. வாங்கடா, போலாம்.”

ஷாமினி அவன் கையைப் பிடித்தாள். “தர்மா, இன்னும் ஒரு விளம்பரம்தான் இருக்கு!”

கிளென் ஓடிப்போய் முன்னால் நின்றான். முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. “எனக்குத் தெரியாது தர்மா. தெரியாதுங்கறது பெரிசா இல்ல, நான் கேட்டிருக்கணும். சாலா என்னோடது, என் தப்புதான். உருமி பாட்டுக்கு மட்டும் வரட்டும். நாடகத்த நான் பாத்துக்கறேன்.”

தர்மா அவனைப் பார்க்கவில்லை. தினேஸ்வரியைத்தான் பார்த்தான். “இந்தப் பொண்ணு தைரியத்துக்காக வாசிக்கறேன்,” என்றான்.

“பொண்ணு இன்னிக்கோட சரி,” என்றாள் ஷாமினி. “நேரலை நடக்கறப்ப என்னை ஓட வெச்சிட்டா. மேடைக்குப் போ, தினேஸ்.”

நியாயமில்லை என்று ரூபனுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டதால் கத்த முடியவில்லை.

திரை விலகியது. கல்யாணக் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஆண்ட்டி வந்தாள். அழுத கண்ணோடு போனவளா இவள் என்று ரூபன் அசந்துபோனான். நடையிலேயே அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. “பாரிட் புந்தார்லயிருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரேன், இங்கயும் நிக்கணுமா? உக்கார ஒரு இடம் இல்லையா லா?” என்று சுற்றிப் பார்த்தாள். மேடையில் உருமியும் இல்லை, முக்காலியும் இல்லை. ஒரு கணம் அவள் திகைத்தது ரூபனுக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது கிளென் குறுக்கே வந்தான். மீசையை முறுக்கினான். பூட்ஸ் சரக்கென்று சத்தமிட, அவள் முன்னால் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தான்.

“உக்காருங்க ஆண்ட்டி. தப்பு செஞ்ச முக்காலி இதான்.”

அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். அரங்கம் வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் தர்மா வளைந்த குச்சியை உருமித் தோலில் ஒரு இழு இழுத்தான். அந்த உறுமல் எழுந்ததும் இருக்கையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ரூபன் எந்த வெட்கமும் இல்லாமல் ஆடினான். மேரியின் தோள்கூட அசைந்தது.

ஷாமினியின் கைப்பேசி அதிர்ந்தது. கோலாலம்பூர். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். “சரி போஸ்... சரி போஸ்... யாரு, அந்த ஆண்ட்டியா?” என்றாள். பேசி முடித்ததும் கழுத்திலிருந்த ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள். அது தினேஸ்வரி காதில் மாட்டியிருந்த கருவியில் மட்டும் கேட்கும்.

“தினேஸ், எந்திரிக்காத. அடுத்த வாரமும் நீ அவன் மேலதான் உக்காரப் போற.”